பொற்றாசியம் கால்வாயை மூளையில் எப்படித் தேடுவது? கொழும்பிலிருந்து நான்கு வழிகள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம், வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு மாணவி தன் ஆய்வுத் திட்ட வரைவை விரித்து வைத்தாள். ‘எலி மூளையில் பொற்றாசியம் கால்வாய் உபஅலகுகளின் பரம்பல்’ என்று தலைப்பு. நரம்புக்கலத்தின் மென்சவ்வில் பொற்றாசிய அயன்களைக் கடக்கவிடும் புரதத் துளைதான் பொற்றாசியம் கால்வாய்; அதைக் கட்டும் புரதத் துண்டுகள் உபஅலகுகள். அதற்குக் கீழே ‘வழிமுறை’ என்று எழுதிவிட்டு மிச்சப் பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தாள்.

“அக்கா, நாலு வழி இருக்கு. சேர் என்னையே தெரிவு செய்யச் சொல்லிப்போட்டார். எட்டு மாசத்துக்குள்ள முடிக்கவேணும். எதை எடுக்கட்டும்?”

இரவுச் சாப்பாடு ஆறும் வரை பேசினோம். அவள் போன பிறகும் எனக்கு அந்தக் கேள்வி விடவில்லை. இதே தலைப்போடு இதே மாதிரி வெறும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் வேறும் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவள் சொன்ன நான்கு வழிகள் இவை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மூளை வரைபடங்களை எடுத்து ஆராய்வது. புரதம் செய்வதற்கான செய்தியைச் சுமக்கும் தூது ஆர்என்ஏயை மூளை வெட்டுமுகத்திலேயே பிடித்துக் காட்டும் இன்-சிட்டு முறை. குறிப்பிட்ட புரதத்தில் ஒட்டும் பிறபொருளெதிரி கொண்டு அந்தப் புரதத்தையே சாயமூட்டுவது. கடைசியாக, உயிருள்ள மூளைத் துண்டில் கண்ணாடி மின்வாயை வைத்து, நஞ்சுகளைக் கொடுத்து மின்னோட்டத்தை அளப்பது.

இவற்றை ஒப்பிடுவதற்கு முன்னால், தேடும் பொருள் எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். பாலூட்டிகளில் பொற்றாசியம் கால்வாய்களுக்கென்று ஏறத்தாழ 80 பரம்பரையலகுகள் இருக்கின்றன. அவற்றில் 40 மின்னழுத்தத்துக்குத் திறக்கும் வகை. அந்த வகைக்குக் கேவி என்று பெயர்; கேவி 1 முதல் கேவி 12 வரை பன்னிரண்டு குடும்பங்கள். இதில் முதலாவது பழப்பூச்சியில்தான் பிடிபட்டது. ஈதர் மயக்கத்தில் கால் நடுங்கும் ஒரு விகாரப் பூச்சிக்கு ஷேக்கர் என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த நடுக்கத்துக்குக் காரணமான பரம்பரையலகை 1987இல் பிரித்தெடுத்தபோது அது ஒரு பொற்றாசியம் கால்வாய் என்று தெரிந்தது. நான்கு உபஅலகுகள் வட்டமாகச் சேர்ந்துதான் ஒரு கால்வாய் ஆகிறது என்பதை ரொடெரிக் மெக்கினன் 1991இல், தேள் நஞ்சைக் கருவியாக வைத்துக் காட்டினார். அவரே 1998இல் ஒரு பக்டீரியக் கால்வாயின் பளிங்குக் கட்டமைப்பை வெளியிட்டார். 2003இல் இரசாயனவியலுக்கான நொபெல் பரிசு அவருக்கும் பீற்றர் அக்ருக்கும் கிடைத்தது.

அந்த நான்கு என்ற எண்தான் எங்கள் சிக்கலின் வேர். ஒரே குடும்பத்துக்குள் உபஅலகுகள் கலந்து சேரும். கேவி 1.1, கேவி 1.2, கேவி 1.4 ஆகிய மூன்றை மட்டும் எடுத்தாலே, நான்கு இடங்களில் அவற்றை நிரப்பப் பதினைந்து விதமான சேர்க்கைகள் உண்டு. வரிசையைக் கணக்கில் எடுக்காமலே பதினைந்து. ஒவ்வொன்றும் திறக்கும் வேகம், மூடும் வேகம், நஞ்சுக்குப் பணியும் அளவு எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வேறு. ஆகவே ‘இந்த உபஅலகு இங்கே இருக்கிறது’ என்பதும் ‘இந்தக் கால்வாய் இங்கே இருக்கிறது’ என்பதும் ஒரே கூற்று அல்ல. தலைப்பில் ‘உபஅலகு’ என்று எழுதியிருந்தாளே, அந்தச் சொல்லைக் கைவிடவேண்டாம் என்றுதான் அவளிடம் முதலில் சொன்னேன்.

அடுத்த சிக்கல் இன்னும் பெரியது. நரம்புக்கலத்தின் உடல் ஓரிடத்தில் இருக்கும்; ஆக்சன் என்ற அதன் நீண்ட இழை எங்கோ போய் முடியும். கால்வாய்க்கான தூது ஆர்என்ஏ பெரும்பாலும் கலவுடலில்தான் கிடக்கும். அதிலிருந்து செய்யப்படும் புரதமோ ஆக்சன் வழியே பயணம் செய்து பல மில்லிமீற்றர் தள்ளிப் போய்க் குடியேறும். சிறுமூளையில் இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் இருக்கிறது. புர்கிஞ்சே கலங்கள் என்ற பெரிய நரம்புக்கலங்களின் அடியில், பாஸ்கெட் கலங்கள் என்ற வேறு நரம்புக்கலங்களின் ஆக்சன் நுனிகள் சேர்ந்து தூரிகை போல ஒரு கூம்பு கட்டுகின்றன. பிரெஞ்சு மொழியில் தூரிகைக்குப் ‘பன்ஸோ’ என்று பெயர். அதையே இதற்கும் வைத்துவிட்டார்கள். எலிச் சிறுமூளையில் கேவி 1.1, கேவி 1.2 புரதங்கள் மிக அடர்த்தியாகத் தெரியும் இடங்களில் ஒன்று இந்தத் தூரிகைதான். சாயமூட்டிப் பார்த்தால் ஒவ்வொரு புர்கிஞ்சே கலத்துக்கும் கீழே கரும்பழுப்பில் ஒரு சிறு கூம்பு. பார்க்க அத்தனை அழகு. ஆனால் உடற்கூறு தெரியாதவர் ‘புர்கிஞ்சே கலத்தில் கேவி 1.2 நிறைய உண்டு’ என்று எழுதிவிடுவார். அது பிழை. அந்தப் புரதம் பாஸ்கெட் கலத்துக்குச் சொந்தம்; அதைச் செய்யும் தூது ஆர்என்ஏ மேலே, மூலக்கூற்றுப் படையில், பாஸ்கெட் கலவுடலில் இருக்கிறது.

நினைவோடு தொடர்புள்ள ஹிப்போகம்பஸ் பகுதியிலும் இதே கதை. கேவி 1.4க்கான தூது ஆர்என்ஏ அங்குள்ள பல்வரி மடிப்பின் குருணிக் கலங்களில் தெரியும். அதே கலங்களின் உடலைப் புரதத்துக்காகச் சாயமூட்டினால் அங்கே அதிகம் ஒன்றும் இராது. புரதம் பாசியிழைகள் எனப்படும் அவற்றின் ஆக்சன்கள் வழியே ஹிப்போகம்பசின் சிஏ3 பகுதிக்குப் போய், அங்கே ஒரு தெளிவான பட்டையாக நிற்கும். மயலின் என்ற கொழுப்புறை போர்த்த ஆக்சன்களில் இன்னும் நுணுக்கம்: அந்த உறை விட்டுப்போகும் ரன்வியர் கணுவை ஒட்டி ஒரு சிறு இடைவெளி விட்டு, மயலினுக்கு அடியில் கேவி 1.1உம் கேவி 1.2உம் இரண்டு பக்கமும் குவிந்திருக்கும். இதைத் தூது ஆர்என்ஏ ஒருபோதும் காட்டாது.

ஆகவே ‘எங்கே இருக்கிறது’ என்ற ஒரே கேள்விக்கு மூன்று விடைகள் வரலாம். செய்தி எங்கே, புரதம் எங்கே, மின்னோட்டம் எங்கே. நான்கு வழிகளும் ஒரே கேள்விக்கான நான்கு பாதைகள் என்று நினைத்துத்தான் அந்தப் பிள்ளை வந்தாள். அவை வெவ்வேறு கேள்விகளுக்கான வழிகள்.

சரி, ஒவ்வொன்றாக வருவோம்.

இணைய வரைபடங்கள்

இது செலவில்லாதது, விரைவானது. அலென் நிறுவனத்தின் சுண்டெலி மூளை வரைபடம் 2006இல் நிறைவடைந்தது. 56 நாள் வயதான ஆண் சுண்டெலிகளின் மூளையில் ஏறத்தாழ இருபதாயிரம் பரம்பரையலகுகளை இன்-சிட்டு முறையில் பிடித்த படங்கள் அதில் உண்டு. கொழும்பில் ஒரு மடிகணினியும் நல்ல இணைப்பும் இருந்தால் போதும். ஒரு சின்ன விஷயம், இதில் பலர் தடுக்கி விழுகிறார்கள்: அங்கே கேவி பெயர்களில் தேடாமல் பரம்பரையலகின் பெயரில் தேடுங்கள். கேவி 1.2க்கு கேசிஎன்ஏ2, கேவி 2.1க்கு கேசிஎன்பி1, கேவி 3.1க்கு கேசிஎன்சி1, கேவி 4.2க்கு கேசிஎன்டி2, கேவி 7.2க்கு கேசிஎன்கியூ2.

இதன் குறை மேலே சொன்னதுதான். செய்தி எங்கே என்று மட்டும் காட்டும். தவிர, அது சுண்டெலி. நாங்கள் இங்கே பெரும்பாலும் விஸ்டார் எலியில் வேலை செய்கிறோம். பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வருவது அதுதான். இரண்டு இனங்களுக்கும் பெரிய அளவில் ஒற்றுமை உண்டு, ஆனால் அந்த ஒற்றுமையை ஆய்வு முடிவாக எழுத முடியாது.

இதை மட்டும் வைத்து ஒரு பட்ட ஆய்வு செய்யலாமா என்று கேட்டாள். செய்யலாம்தான். ஆனால் கைப்பட ஒரு வெட்டுமுகம் செய்யாமல், ஒரு சாயம் பிழைத்துப்போகும் அனுபவம் இல்லாமல் அவள் வெளியே போவதை நான் விரும்பவில்லை. முதல் மூன்று வாரத்துக்கு இது. அதற்கு மேல் வேண்டாம்.

இன்-சிட்டு முறை

எனக்கு ஒரு காலத்தில் மிகப் பிடித்த முறை. நன்றாக வந்தால் ஒவ்வொரு கலமும் தனித்தனியே தெரியும். ஒன்றோடொன்று மிக ஒத்த உபஅலகுகளைக்கூட, தூது ஆர்என்ஏயின் வேறுபட்ட பகுதியைத் தெரிவு செய்து பிரித்தறியலாம். பிறபொருளெதிரிகளில் வரும் சந்தேகம் இங்கே குறைவு.

ஆனால் கொழும்பில் இதை எட்டு மாதத்தில் முதன்முறையாகச் செய்யும் ஒருவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆர்என்ஏயைச் சிதைக்கும் நொதியம் எங்கள் விரல் நுனியிலேயே இருக்கிறது. மேசை, நீர், குழாய்முனை எல்லாவற்றையும் அதிலிருந்து காக்கவேண்டும். ஆய்வைச் செய்பவருக்குக் கூட யாராவது ஒருவர் ஏற்கெனவே அதில் கை தேர்ந்தவராக இருக்கவேண்டும்.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போனது நினைவிருக்கும். அப்போது நான் வேலை செய்த ஆய்வுகூடத்தில் மின்பிறப்பாக்கிக்கு டீசல் இல்லை. உறைகுளிர்ப் பெட்டிக்குள் ஆறு மாதமாகத் தயாரித்துச் சேர்த்த ஆர்என்ஏ துருவிகளும் (தூது ஆர்என்ஏயைத் தேடி ஒட்டும் துண்டுகள்) நொதியங்களும் இருந்தன. மூன்று நாள் உருகி, உறைந்து, மறுபடி உருகின. பிறகு எடுத்த எந்த வெட்டுமுகத்திலும் ஒரு சமிக்ஞையும் வரவில்லை. அதே பெட்டியில், கிளிசரோல் கலந்து சிறு சிறு பங்காகப் பிரித்து வைத்திருந்த பிறபொருளெதிரிகள் பிழைத்துக்கொண்டன. அவற்றைக் கொண்டு அந்த வருடம் முடித்தேன். அந்த வருடத் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. இழந்ததை மறுபடி வாங்குவதற்கு வழியே இருக்கவில்லை. இன்றைக்கு நிலைமை அப்படி இல்லை. இருந்தாலும் எது கெட்டுப்போகும், எது தாங்கும் என்ற கணக்கைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை.

பிறபொருளெதிரி

என் தெரிவு இதுதான். அதனால்தான் இதன் ஆபத்தைப் பற்றி மற்றவற்றைவிட நீட்டிச் சொல்லவேண்டியிருக்கிறது.

பிறபொருளெதிரி, தான் பிடித்த பொருளின் பெயரைச் சொல்லாது. ஏதோ ஒன்றைப் பிடித்ததை மட்டும் காட்டும். அது நாங்கள் தேடிய உபஅலகுதானா என்பதை நிரூபிப்பது எங்கள் பொறுப்பு. கேவி 1 குடும்பத்தினர் ஒருவரை ஒருவர் மிகவும் ஒத்தவர்கள். ஒரு குடும்பத்தவரைப் பிடிக்கச் செய்த பிறபொருளெதிரி அடுத்தவரையும் பிடித்துவிடலாம். கால்வாயே அல்லாத புரதத்தையும் பிடிக்கலாம்.

இந்தத் துறையிலேயே நடந்த ஒரு வரலாறு இதைவிட ஆழமாகப் பாடம் சொல்கிறது. 1990களின் நடுவிலிருந்து, சில நோயாளிகளின் குருதியில் பொற்றாசியம் கால்வாய்க்கு எதிரான பிறபொருளெதிரி இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை செய்தார்கள். மூளைச் சாற்றில் உள்ள கால்வாய்களை, கதிர்வீச்சுக் குறியிட்ட டென்ட்ரோடொக்சின் என்ற நஞ்சால் அடையாளமிடுவார்கள். பிறகு நோயாளியின் சீரத்தைச் சேர்ப்பார்கள். குறியிட்ட நஞ்சு வீழ்படிவோடு வந்தால், சீரம் கால்வாயைப் பிடித்தது என்று முடிவு. நினைவிழப்பும் வலிப்புமாக வந்த பலரும், தசை ஓயாமல் துடிக்கும் பலரும் இந்தச் சோதனையில் பிறபொருளெதிரி உண்டு என்ற முடிவைப் பெற்றார்கள். 2010இல்தான் தெரிந்தது: அவர்களில் பெரும்பாலானோரின் பிறபொருளெதிரி கால்வாயைப் பிடிக்கவே இல்லை. கால்வாயோடு ஒட்டிக்கொண்டு ஒரே கூட்டாக நிற்கும் எல்ஜிஐ1, காஸ்பர்2 என்ற வேறு புரதங்களைத்தான் பிடித்தது. கூட்டோடு சேர்ந்து கால்வாயும் கீழே வந்திருக்கிறது. சோதனை பொய் சொல்லவில்லை. ‘இந்தக் கூட்டில் ஏதாவது ஒன்றைப் பிடிக்கிறதா’ என்ற கேள்விக்கு அது சரியாகவே விடை சொன்னது. வாசித்தவர்கள் வேறு கேள்விக்கான விடையாக அதை வாசித்தார்கள். கொழும்பில் நரம்பியல் பிரிவில் இன்று ஒரு நோயாளிக்கு இந்தச் சோதனை எழுதும் மருத்துவர் எல்ஜிஐ1, காஸ்பர்2 என்று தனித்தனியே கேட்பது இந்த வரலாற்றால்தான்.

அப்படியானால் ஏன் இதைத் தெரிவு செய்கிறேன்? புரதம் எங்கே என்ற கேள்விக்கு நேரடியாக விடை தரும் வழி இது ஒன்றுதான். அத்தோடு, இந்தத் துறைக்கு ஒரு பெரிய அதிர்ஷ்டம் வாய்த்திருக்கிறது. ஜேம்ஸ் ட்ரிம்மர் என்ற ஆய்வாளர் தன் வாழ்நாள் வேலையாகவே இந்த உபஅலகுகளுக்கு ஒற்றைக்குளோன் பிறபொருளெதிரிகளை, அதாவது ஒரே கலத்தின் வழிவந்த கலங்கள் செய்யும் ஒரேமாதிரியான பிறபொருளெதிரிகளைச் செய்தார். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் நியூரோமாப் என்ற அமைப்பு வழியாக அவை குறைந்த விலையில் எல்லோருக்கும் கிடைத்தன. கேவி 2.1க்கு கே89/34, கேவி 1.2க்கு கே14/16, கேவி 4.2க்கு கே57/1 என்ற குளோன் எண்கள் பல கட்டுரைகளில் வரும். அந்த எண்ணை வைத்து, அதே பிறபொருளெதிரியைக் கொண்டு மற்றவர்கள் எடுத்த படங்களோடு எங்கள் படத்தை நேரடியாக ஒப்பிடலாம். பெயரில்லாத ஒரு முயல் பிறபொருளெதிரியை மலிவாக வாங்கினால் அந்த வாய்ப்பு இல்லை.

இங்கே எங்களுக்குச் சாதகமான ஒரு விஷயம் உண்டு. இந்த ஒற்றைக்குளோன்கள் சுண்டெலியில் செய்யப்பட்டவை. சுண்டெலி மூளையில் போட்டால், முதல் பிறபொருளெதிரியைப் பிடித்துச் சாயம் காட்டும் இரண்டாம் பிறபொருளெதிரி, அந்த மூளையில் உள்ள சுண்டெலியின் சொந்தப் பிறபொருளெதிரிகளையும் பிடித்து, குருதிக்குழாய் எல்லாம் சாயமேறி அழுக்காகும். எலி மூளையில் அந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். பொரளை எலி இங்கே குறையாக அல்ல, வசதியாக அமைகிறது.

ஒளிரும் சாயமா, பழுப்புச் சாயமா என்பதும் ஒரு தெரிவு. ஒளிரும் சாயத்தில் இரண்டு உபஅலகுகளை ஒரே வெட்டுமுகத்தில் பார்க்கலாம். ஆனால் அதற்கு நல்ல கொன்போக்கல் நுணுக்குக்காட்டி வேண்டும், அதில் வேலை செய்ய எங்களுக்கு நேரம் கிடைக்கவேண்டும், சாயமும் மங்கிக்கொண்டே போகும். டிஏபி என்ற பழுப்புச் சாயம் சாதாரண நுணுக்குக்காட்டியில் தெரியும். கண்ணாடி வழுக்கி பல வருடம் அப்படியே இருக்கும். மார்பகப் புற்றுநோய் மாதிரிகளுக்கு நோயியல் ஆய்வுகூடங்கள் தினமும் செய்யும் வேலையும் இதுதான் என்பதால், கேட்டுப் பழகுவதற்கு நகருக்குள்ளேயே ஆட்கள் இருக்கிறார்கள். முதல் ஆய்வுக்குப் பழுப்புச் சாயம் போதும். இரண்டு புரதங்கள் ஒரே கால்வாயில் சேர்ந்திருக்கின்றனவா என்பதைச் சாயத்தால் எப்படியும் சொல்ல முடியாது. அதற்கு ஒன்றைப் பிடித்து இழுத்தால் மற்றதும் கூட வருகிறதா என்று பார்க்கும் உயிர்இரசாயனச் சோதனை வேண்டும்.

மின்வாயும் நஞ்சும்

நாலாவது வழியைப் பற்றி அவள் கண் மின்னப் பேசினாள். எனக்குப் புரிகிறது. எர்வின் நெயரும் பேர்ட் சக்மனும் 1976இல் ஒற்றைக் கால்வாயின் மின்னோட்டத்தை முதன்முதலில் பதிந்ததை வாசித்த எவருக்கும் அந்த ஆசை வரும். கால்வாய் உண்மையில் வேலை செய்கிறதா என்பதை இது மட்டுமே காட்டும். ஹிப்போகம்பசின் சிஏ1 பகுதிக் கலங்களின் டென்ட்ரைட்டில் (சமிக்ஞை வாங்கும் கிளையில்) உடலிலிருந்து தள்ளிப்போகப் போக, விரைவாகத் திறந்து மூடும் ஏ-வகைப் பொற்றாசிய மின்னோட்டம் கூடுகிறது என்று 1997இல் கண்டது இப்படித்தான். கேவி 4.2இன் வேலை அங்கே என்ன என்பதை எந்தச் சாயமும் அவ்வளவு தெளிவாகச் சொல்லியிராது.

நஞ்சுகளைப் பற்றி எழுதத் தொடங்கினால் முடியாது. ஆபிரிக்க மாம்பா பாம்பின் டென்ட்ரோடொக்சின் கேவி 1.1, 1.2, 1.6ஐ அடைக்கும். ஒரு வகைப் பெருஞ்சிலந்தியின் ஹனடொக்சின் கேவி 2.1ஐப் பிடிக்கும். எங்கள் ஊர்க் கட்டுவிரியனின் நஞ்சிலும் பீற்றா-பங்கரோடொக்சின் என்ற வகை உண்டு; அதன் இரண்டு பகுதிகளில் சிறியது, கட்டமைப்பில் டென்ட்ரோடொக்சினின் உறவு. உலர்வலயத்தில் நிலத்தில் படுத்து உறங்குபவர்களை இரவில் கடிக்கும் அந்தப் பாம்பை நினைத்தால், இந்த விஷயம் எனக்கு வெறும் பாடமாகத் தோன்றுவதில்லை.

ஆனாலும் அவளுக்கு இது வேண்டாம் என்றேன். அதிர்வில்லாத மேசை, பெருக்கி, வெட்டிய துண்டை ஒட்சிசன் ஊட்டி உயிரோடு வைக்கும் ஏற்பாடு, எல்லாவற்றுக்கும் மேலாகக் கையில் ஒரு வருடப் பழக்கம் வேண்டும். நஞ்சுகளும் முழுமையாகப் பிரித்தறிவதில்லை: நான்கு உபஅலகுகள் கலந்த கால்வாயில் ஒன்றிரண்டு மட்டும் நஞ்சுக்குப் பணிபவையாக இருந்தாலும் மின்னோட்டம் குறையலாம். இன்னொன்றும் உண்டு. மூளைத் துண்டில் பதிவெடுக்கப் பெரும்பாலும் சில வாரக் குட்டிகளைத்தான் எடுப்பார்கள். மயலின் முதிரும்போதுதான் கேவி 1 உபஅலகுகள் கணுவருகே ஒழுங்காகக் குவிகின்றன. குட்டியில் அளந்ததை வளர்ந்த மூளையின் வரைபடமாக எழுத முடியாது.

எந்த உபஅலகு?

வழி முடிவானதும் அடுத்த கேள்வி வந்தது. இதில் எனக்கும் அவளுக்கும் கொஞ்சம் இழுபறி.

அவள் கேவி 7.2ஐ விரும்பினாள். கேவி 7.3உடன் சேர்ந்து, நரம்புக்கலம் ஓயாமல் சுடுவதை அடக்கும் எம்-மின்னோட்டத்தைத் தரும் உபஅலகு அது. அதன் பரம்பரையலகு பழுதானால் பிறந்த குழந்தைக்கு வலிப்பு வருவது 1998இல் காட்டப்பட்டது. மனதைத் தொடும் விஷயம்தான். ஆனால் அது ஆக்சனின் தொடக்கத் துண்டிலும் கணுக்களிலும் மிகச் சிறிய இடத்தில் குவிந்திருக்கும். இழையத்தை நிலைநிறுத்தும் பராபோமல்டிகைட்டில் சற்றுக் கூடுதலாக ஊறினாலே அந்த இடங்களின் சாயம் வெளிறிவிடும். முதல் ஆய்வில் வெறும் வெட்டுமுகம் வந்தால், புரதம் இல்லையா, எங்கள் கைப்பிழையா என்று அவளால் பிரித்தறிய முடியாது.

கேவி 2.1 மறுபக்கம் மிக எளிது. மேற்பட்டையிலும் ஹிப்போகம்பசிலும் கலவுடலையும் அடி டென்ட்ரைட்டையும் சுற்றிக் கொத்துக் கொத்தாகத் தெரியும். செய்தியும் புரதமும் ஏறத்தாழ ஒரே இடத்தில். ஆனால் அந்தக் கொத்துகள் மூளைக்கு ஒட்சிசன் குறைந்தால் சில நிமிடங்களில் கலைந்துவிடுகின்றன. பொசுபேற்றுக் கூட்டங்கள் கழன்று புரதம் மென்சவ்வெங்கும் பரவிவிடும். எலியை எப்படி மயக்கினோம், எத்தனை நிமிடத்தில் இதயத்தின் வழியே நிலைநிறுத்தும் கரைசலை ஓட்டினோம் என்பது படத்தையே மாற்றும். தேர்ந்த கை இல்லாத இடத்தில், கொத்து இல்லை என்ற முடிவை நம்ப நான் தயங்குவேன்.

கேவி 3 குடும்பத்தை விரைவாகவே விட்டோம். பார்வல்புமின் என்ற புரதம் கொண்ட, வேகமாகச் சுடும் கலங்களில் கேவி 3.1 அருமையாகத் தெரியும், ஆனால் அதை நிரூபிக்க இரட்டைச் சாயம் வேண்டும்.

கேவி 1.2ஐத்தான் நான் கேட்டுக்கொண்டேன், சிறுமூளையில். காரணம் அந்தத் தூரிகைக் கூம்பு. அது ஒவ்வொரு வெட்டுமுகத்துக்குள்ளும் இருக்கும் ஒரு சாட்சி. கூம்புகள் தெரிந்தால் நிலைநிறுத்தல், பிறபொருளெதிரி, சாயம் மூன்றும் சரி. தெரியாவிட்டால் அன்றைய வேலை முழுவதையும் தள்ளிவைத்து மறுபடி செய்யலாம். எங்கே பிழை என்று குழம்பத் தேவையில்லை. கேவி 1.1இன் பரம்பரையலகு பழுதானவர்களுக்கு மன அழுத்தத்தின்போதோ திடீரென எழும்போதோ தள்ளாட்டம் வரும் நோய் 1994இல் விளக்கப்பட்டது. அந்த உபஅலகு இதே தூரிகையில் கேவி 1.2உடன் கூட்டுச் சேர்ந்திருப்பதால், நோய்க்கும் படத்துக்கும் இடையில் ஒரு பேச்சு இருக்கிறது. சிறுமூளை கைக்கு வந்த பிறகு நேரம் மிஞ்சினால், ஹிப்போகம்பசில் கேவி 1.4இன் பாசியிழைப் பட்டையைத் தேடலாம்.

எதிர்ச்சோதனைகளில் ஒன்றையும் விடவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முதல் பிறபொருளெதிரி போடாத வெட்டுமுகம் ஒவ்வொரு தொகுதியிலும் கட்டாயம். அது இரண்டாம் பிறபொருளெதிரியை மட்டும்தான் சோதிக்கும் என்பதையும் எழுதவேண்டும். அந்த உபஅலகே இல்லாமல் வளர்த்த சுண்டெலியின் மூளை வெட்டுமுகம் கிடைப்பதுதான் உண்மையான சோதனை. வெளிநாட்டு ஆய்வுகூடங்களுக்கு மின்னஞ்சல் எழுதினால் நிலைநிறுத்திய சில வெட்டுமுகங்களை அனுப்பக்கூடியவர்கள் இருக்கிறார்கள். கேட்க வெட்கப்படவேண்டாம். அது வராவிட்டால், புரதத்தின் வேறொரு பகுதியைப் பிடிக்கும் இரண்டாவது பிறபொருளெதிரியால் அதே படம் வருகிறதா என்று பார்க்கலாம். இணைய வரைபடம் இங்கே மறுபடி கைகொடுக்கும்: கூம்பைக் கட்டும் பாஸ்கெட் கலவுடல்களில் கேசிஎன்ஏ2 செய்தி இருந்தே ஆகவேண்டும். செய்தியே இல்லாத ஒரு கலத்தின் கிளையில் புரதம் தெரிந்தால் பிறபொருளெதிரியைச் சந்தேகிக்கலாம்.

எந்தச் சூழ்நிலையில் என் தெரிவு மாறும் என்று கடைசியாகக் கேட்டாள். நல்ல கேள்வி. ஏற்கெனவே இன்-சிட்டு ஓடிக்கொண்டிருக்கும் ஆய்வுகூடத்தில் அவள் இருந்தால் அதைச் செய்யச் சொல்லியிருப்பேன். சில வருட முதுதத்துவமாணிப் பட்டம் என்றால், யாராவது மின்வாய் பழக்கத் தயாராக இருந்தால், முதல் வருடம் முழுவதையும் அதற்கே கொடுக்கச் சொல்லியிருப்பேன். எட்டு மாதம், சிறு நிதி, தனிக் கை என்பதால்தான் இந்த விடை.

அப்புறம் நாட்களை எண்ணினோம். பிறபொருளெதிரிக் குப்பி பனிப்பொதியோடு கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கி, சுங்கத்தில் கடிதம் கேட்டு, கைக்கு வர எத்தனை நாளாகும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே கட்டளையை முதல் வாரமே போடவேண்டும். விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் எலி வராது; அந்த விண்ணப்பம் அதே வாரம். இரண்டும் வரும் வரைக்கும் உள்ள வாரங்கள் இணைய வரைபடத்துக்கு. குப்பி வந்த அன்றே ஐந்து ஐந்து மைக்ரோலீற்றராகப் பிரித்து, திகதியிட்டு, இரண்டு வேறு உறைகுளிர்ப் பெட்டிகளில் பாதிபாதியாக வைக்கவேண்டும்.

அவள் வெறும் பக்கத்தில் ‘கேவி 1.2, சிறுமூளை, டிஏபி’ என்று எழுதினாள். கீழே கொஞ்சம் யோசித்து, ‘கூம்பு தெரியாவிட்டால் மறுபடி’ என்றும் எழுதிவைத்துக்கொண்டாள்.